இராக்காலத்தில் குழந்தைக்குப் பாலூட்டல்



கடன், தவணை, வட்டி இவைகளைப் பற்றியே பேசும் சங்கத்தில் தொட்டிற் குழந்தையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். குடும்பத்தின் முதற் சொத்து குழந்தையே. ஆகையால் இவ்விஷயம் சங்கத்திற்குப் புறம்பானதன்று.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு இரவில் பால் வேண்டுமா, வேண்டாமா என்பது பல வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஓயாத வழக்காக இருக்கிறது. வயதை மட்டும் கொண்டு இதற்குத் தீர்ப்புக் கூறலாகாது. 24 மணி நேரத்து வரவைக் கூட்டிப் பார்த்தே கூற வேண்டும்.

பிறந்த சிசுவின் இரைப்பை மிகச் சிறியது. அது இரவும் பகலுமாக 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். முதல் 6 மாதம் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. அக்காலத்தில் இரவுப் பாலை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

6 மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் வேறு ஆகாரமும் அவசியம். 8 மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், பிறகு 3 அல்லது 4 வேளையும், குழைய வெந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, வாழைப்பழம் முதலியவைகளை மசித்து ஊட்ட வேண்டும். பகலில் இவ்வாறு வயிறு நிரம்பி, எடையும் ஏறிவரும் குழந்தை இரவில் சிறிது சிறிதாக நெடுநேரம் உறங்கப் பழகும். அதனை எழுப்பிப் பாலூட்ட வேண்டியதில்லை.

ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியலிற் சென்று மாலையில் திரும்பும் தாயின் குழந்தை நிலைமை வேறு. பகலிற் குறைந்த பாலை அது இரவிலேயே ஈடு செய்துகொள்கிறது. பால் சுரக்கத் தூண்டும் சுரப்பு நீரும் தாயின் உடலில் இரவில்தான் அதிகப்படுகிறது. பகல் வரவு குறைந்த கணக்கில் இரவு வரவையும் அடைத்தால் நஷ்டம் குழந்தையின் எடைக்கே. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டபோதும் கேட்கும் போதெல்லாம் பால் கொடுக்க வேண்டும்.

இரவில் அழுகையை அடக்கச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுதலும், பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்கவிடுதலும் தகாது, பற்கள் சொத்தையாகும். ஒரு வயது நிரம்பும் வரை தேன் கொடுப்பது ஆபத்து.

ஐயம் தீர்க்கச் சிறந்த சாட்சி தராசு. பிறந்த எடை ஏறக்குறைய 5 மாதத்தில் இரட்டிக்கும். ஒரு வயதில் மும்மடங்காகும். அங்கன்வாடியில் மாதந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறாவிடில் இரவுப் பாலை நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எடை நன்கு ஏறினால் ஒவ்வொரு வேளையாகக் குறைக்கலாம்; எனினும் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் நன்மையே.

கடைசியாக, இது ஸ்திரீகள் விஷயம் என்று புருஷர்கள் ஒதுங்கலாகாது. இரவில் விழித்த தாய்க்குப் பகலில் ஒரு மணி நேர ஓய்வும், வயிறாரச் சோறும் கிடைக்கச் செய்வது வீட்டுக்காரர் கடமை. நடவுக் காலத்தில் குழந்தையை வரப்பருகே மர நிழலுக்கு ஒருவர் கொண்டுவந்தால், பகற்பாலும் தவறாது; தாயின் இரவுத் தூக்கமும் கெடாது.