தயிரும் தேதியும்



பால் கறந்த வீட்டிலேயே தயிர் உறைந்த காலத்தில் அதற்குத் தேதி வேண்டியிருக்கவில்லை. இரவில் உறையூற்றுவர், மறுநாள் தயிராக உண்பர், எஞ்சியதை மோராகக் கடைவர். இன்றோ சிற்றூர்க் கடைகளிலும் தயிர் பைகளில் அடைபட்டு வருகின்றது. அதன்மேல் ஒரு தேதி அச்சிடப்பட்டுள்ளது. அத்தேதி கடந்த தயிரை உண்ணலாமா? 'தயிர்தானே, புளித்தால் என்ன?' என்பர் ஒரு சாரார். 'தேதி கடந்தால் நஞ்சு' என்பர் மற்றொரு சாரார். இரண்டும் முழு உண்மையல்ல.

முதலில் தயிரின் இயல்பை நோக்குவோம். காய்ச்சி ஆற்றிய பாலில் உறைமோரை இட்டால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலமே பாலை இறுகச் செய்கின்றது. அதுவே தயிருக்குக் காவலும் ஆகின்றது. நோய்க் கிருமிகளிற் பெரும்பாலானவை அப்புளிப்பில் பெருக இயலா. ஆகையால் நாளடைவில் தயிர் சற்றே கூடுதலாகப் புளிப்பதும், மேலே தெளிந்த நீர் நிற்பதும் கேட்டின் அறிகுறிகள் அல்ல.

எனினும் அக்காவல் முழுமையானதன்று. பூசணமும் ஈஸ்டும் புளிப்பிலும் வளர வல்லவை. பை உப்பியிருந்தாலும், நிறம் மாறியிருந்தாலும், பூசணம் பிடித்திருந்தாலும், துர்நாற்றம் வீசினாலும் அத்தயிரை முழுவதும் கொட்டிவிட வேண்டும். மேற்பகுதியை மட்டும் வழித்தெறிந்து எஞ்சியதை உண்ணலாகாது. பூசணத்தின் நுண்ணிய இழைகள் கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே ஊடுருவியிருக்கும்.

இனித் தேதியின் பொருளைக் காண்போம். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புக்கான சட்டம் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதன்கீழ் 2020-இல் வகுத்த விதிகளின்படி, காலாவதித் தேதி என்பது ஒரு மதிப்பீடு. பையில் கூறியவாறு வைத்துக் காத்தால், பண்டம் தன் தரத்தையும் பாதுகாப்பையும் எந்நாள்வரை தாங்கும் என்பதை அது காட்டும். அந்நாளுக்குப் பின் அப்பண்டம் விற்பனைக்கு உரியதன்று.

'கூறியவாறு வைத்துக் காத்தால்' என்பதே இங்கு உயிர்நிலை. தயிருக்கு 5 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய குளிர் வேண்டும். சித்திரை வெயிலிலோ நம் ஊர்களில் வெப்பம் 40 டிகிரியை எட்டுகின்றது. மின்செலவை மிச்சப்படுத்த இரவில் குளிர்ப்பெட்டியை நிறுத்திவிடும் கடையில், தேதி கடவாத தயிரும் ஐயத்திற்குரியதே. இடையறாது குளிரில் இருந்த, பிரிக்கப்படாத தயிரோ, தேதி கடந்த மறுநாளே நஞ்சாக மாறிவிடுவதில்லை. வீட்டில் அத்தகைய தயிர் நிறமும் மணமும் மாறாதிருந்தால், ஓரிரு நாள் கடந்ததை உடல்நலமுள்ள பெரியோர் உண்பதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆயினும் குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு அதனைக் கொடுத்தல் தகாது. நோய்க் கிருமிகள் எப்போதும் சுவையிலோ மணத்திலோ தம்மைக் காட்டிக் கொள்வதில்லை.

தேதி அறியாத தீங்கும் உண்டு. 1989-ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஒருவகைக் கொட்டை விழுது கலந்த தயிரை உண்ட 27 பேர் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயால் தாக்குண்டனர், ஒருவர் உயிரிழந்தார். தயிரின் வயது அதற்குக் காரணமன்று. கலந்த விழுதில் சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பைச் சேர்த்திருந்தனர்; கிருமியை அழிக்கும் அளவுக்கு அதனை வெப்பப்படுத்தவும் இல்லை. ஆகவே தயிரோடு சேரும் பொருளும் தூயதாக இருத்தல் இன்றியமையாதது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைச் சிறப்பாகக் கருதவேண்டும். கோடையில் நீர்மோர்ப் பந்தல் அமைக்கின்றோம். திருவிழாவில் தயிர்ச்சோறு வழங்குகின்றோம். தேதி கடந்த தயிர் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கின்றதென்று அதனை வாங்கிவிடலாகாது. தன் வீட்டில் ஒருவர் தயிரைத் தாமே முகர்ந்து பார்த்து முடிவு செய்வார். பந்தலில் தாகத்தோடு கைநீட்டும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அக்குழந்தைக்காக நாமே முடிவு செய்கின்றோம். மோரில் நீர் கூடுந்தோறும் புளிப்பின் காவல் குறைகின்றது. ஆகவே காய்ச்சி ஆற்றிய அல்லது முறைப்படி தூய்மை செய்த நீரையே சேர்க்கவேண்டும். கடைந்த மோரை நிழலில் மூடிவைத்து, அன்றன்றே செலவிட வேண்டும்.

கடைகளில் தேதி கடந்த தயிர் விற்கப்படுவதைக் கண்டால் முதலில் கடைக்காரரிடம் எடுத்துரையுங்கள். திருந்தாவிடில் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அறிவியுங்கள். வீட்டில் உறையூற்றும் உழவர் குடும்பத்தார் பாலை நன்கு பொங்கக் காய்ச்சி, தூய கலத்தில், புதிய உறைமோரை இடுக. உறைமோர் வலுவிழந்திருந்தால் புளிப்பு ஏறத் தாமதமாகும். அவ்விடைவேளையில் தீய கிருமிகள் முந்திக்கொள்ளும்.

தேதியைப் பாருங்கள், அத்துடன், தயிர் எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதையும் கேளுங்கள். இரண்டில் ஒன்று ஐயத்திற்கு இடமாயினும் அத்தயிரை ஊர்ப் பந்தியில் வைக்க வேண்டா. இதனை உங்கள் பஞ்சாயத்தின் வழக்கமாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.