ஓட்டில்லாதவர்களின் தலைவர்

இந்தியக் குடியரசுத் தலைவருக்கு மக்கள் மதிப்பெண் போடும் வழக்கம் கிடையாது. அமெரிக்காவில் உண்டு. கேலப் நிறுவனம் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 2025 வரை ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவந்தது: அதிபர் வேலை பார்க்கும் விதம் உங்களுக்கு ஏற்புடையதா, இல்லையா? 2001 செப்டம்பரில் இளைய புஷ்ஷுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆம் என்றார்கள். ஏழு ஆண்டு கழித்து அதே மனிதருக்கு ஆம் சொல்ல மிஞ்சியவர்கள் இருபத்தைந்து பேர். பக்கத்தில் இலங்கை இருக்கிறது. 2019 அதிபர் தேர்தலில் கோத்தபய ராஜபக்சவுக்கு 69 லட்சம் ஓட்டு. 2022 ஜூனில் வெரிட்டே ரிசர்ச் எடுத்த கணிப்பில் அவருடைய அரசை ஏற்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்; அடுத்த மாதம் அவர் நாட்டை விட்டே கிளம்பினார். அதற்குப் பிறகு, "நான்தான் அவருக்குப் போட்டேன்" என்று ஒப்புக்கொள்ளக் கொழும்பில் ஆள் கிடைக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்தியாவில் இப்படிக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி நடத்துவதில்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படி கையெழுத்திடுகிறார். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்கள் ஒவ்வொருவருடைய ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு அது. மும்பையில் உட்கார்ந்திருக்கும் எம்.எல்.ஏ.வின் ஓட்டு 175. சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருப்பவரின் ஓட்டு 176. ஒன்று கூடுதல் என்று கைதட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்: மகாராஷ்டிரத்தில் 288 பேர், தமிழ்நாட்டில் 234 பேர். பெருக்கினால் அங்கே 50,400, இங்கே 41,184. புனே விஷ்ராந்த்வாடியில் இருபது வருஷம் வாடகை வீட்டில் இருந்து, வரி கட்டி, பிள்ளைகளை மராத்தி படிக்க வைத்த தமிழ்க் குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் நேரடியாக ஒரு புள்ளியும் இல்லை. பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்கும் இல்லை. ஆக, குடியரசுத் தலைவர் மேல் அன்பு வைக்கிறவர்கள் ஒரு கூட்டம், ஓட்டு வைத்திருக்கிறவர்கள் வேறு கூட்டம். இரண்டும் ஒருமுறை ஒன்றாகச் சேர்ந்தன. அது 2002.

அந்த ஆண்டு முதலில் அடிபட்ட பெயர் மகாராஷ்டிர ஆளுநராக இருந்த பி.சி. அலெக்சாண்டர். காங்கிரஸ் அவரை ஏற்கவில்லை. ஜூன் மாதம் வாஜ்பாய் தொலைபேசியில் அழைத்தபோது ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பா.ஜ.க. ஏற்றது, காங்கிரஸ் ஏற்றது, தி.மு.க. ஏற்றது, அ.தி.மு.க. ஏற்றது. கடைசி இரண்டும் ஒரே பெயருக்கு ஓட்டுப் போட்டதைத் தமிழ்நாட்டு வரலாற்றில் தனிப் பக்கமாகத்தான் எழுத வேண்டும். இடதுசாரிகள் நிறுத்தியது கேப்டன் லட்சுமி சாகலை. அவர் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். அப்போது வயது 87. ராமேஸ்வரத்துக்கும் சென்னைக்கும் நடந்த போட்டி என்றே அதைச் சொல்லலாம். ராமேஸ்வரத்துக்கு ஒன்பது லட்சத்து இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். சென்னைக்கு ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம்; புஷ் 2001-இல் வாங்கிய அளவு.

இந்தப் புனே வட்டாரத்துக்குக் கலாம் 2002-இல் அறிமுகமானவர் அல்ல. 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவர்தான் தலைவர். ஆளந்தி சாலையில், திகியில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடம் பினாகா ராக்கெட்டுக்கு ஏவுவண்டி செய்தது. பாஷானில் இருப்பது ராக்கெட்டைச் செய்தது. அங்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கலாம் என்பவர் பள்ளிப் பாடப்புத்தகத்துப் படமல்ல, மேலதிகாரி.

அவருடைய செல்வாக்கின் உச்சத்தையும் இந்த வானத்தில்தான் பார்க்க முடிந்தது. 2006 ஜூன் 8. லோகேகாவ் விமானப்படைத் தளம். 74 வயதுக் குடியரசுத் தலைவர் பறக்கும் உடை மாட்டிக்கொண்டு சுகோய்-30 விமானத்தில் ஏறினார். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் போர் விமானத்தில் பறந்தது அதுவே முதல்முறை. இளம் வயதில் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனவர் அவர். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேருக்கு இடம், அவர் ஒன்பதாவது. தோற்றதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஒன்பதாவது ஆளாகத் திருப்பி அனுப்பப்பட்டவர் முப்படைகளின் தலைவராகத் திரும்பி வந்து அதே படையின் விமானத்தில் ஏறினார். சுகோய் சத்தத்தில் தொலைக்காட்சி வசனம் கேட்கவில்லை என்று தினமும் சலித்துக்கொள்ளும் இந்த ஊர், அன்று ஒரு நாள் அந்தச் சத்தத்தைச் சலிக்காமல் கேட்டது.

ஆனால் விமானத்தில் ஏறுவதும் ஆவணத்தில் கையெழுத்திடுவதும் வேறு வேறு. ஆதரவாளர்கள் பிரிந்தது கையெழுத்தில்தான். 2005 மே மாதம் கலாம் மாஸ்கோவில் இருந்தபோது பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை அங்கே போய்ச் சேர்ந்தது. இரவோடு இரவாக ஒப்புதல் கிடைத்தது. அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு விரோதமானது என்று அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமைச்சரவை சொன்னதைச் செய்தார், அவர் மேல் என்ன பழி என்றார்கள் ஒரு பகுதி ஆதரவாளர்கள். ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கலாமே என்றார்கள் மறு பகுதி. அவருக்கே உறுத்தியிருக்கிறது, பதவி விலகல் கடிதம் எழுதி வைத்ததையும், மன்மோகன் சிங் கேட்டுக்கொண்டதால் விட்டதையும் 2012-இல் வெளிவந்த நூலில் சொல்லியிருக்கிறார். 2006-இல் ஆதாயப் பதவி மசோதா வந்தபோது அதைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றாமல் மறுபடி அனுப்பியது. அரசமைப்புப்படி வேறு வழியில்லை, கையெழுத்திட்டார். கருணை மனுக்களிலும் இதே பிளவு. தூக்குத் தண்டனைக் கைதி தனஞ்சய் சாட்டர்ஜியின் மனுவை நிராகரித்தார். 2004 ஆகஸ்ட் 14 அன்று கொல்கத்தாவில் தூக்கு நிறைவேறியது. வேறு பல மனுக்கள் முடிவில்லாமல் கிடந்தன. தூக்கு வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அவரைத் தங்கள் பக்கத்து ஆளாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 2007. இந்த ஆண்டை நினைத்தால்தான் மனம் ஆறுவதில்லை. மக்கள் மதிப்பெண் போட முயன்ற ஆண்டு அது. செய்தித் தொலைக்காட்சிகள் குறுஞ்செய்தி ஓட்டெடுப்பு வைத்தன. ஒரு ரூபாயோ மூன்று ரூபாயோ செலவழித்து ஜனங்கள் 'கலாம், கலாம்' என்று அனுப்பித் தள்ளினார்கள். ஜூன் மாதம் சென்னையில் கூடிய மூன்றாவது அணி அவர் பெயரை முன்வைத்தது. வெற்றி உறுதி என்றால் யோசிக்கலாம் என்ற அளவுக்கு அவரும் வந்தார். உறுதி சொல்ல ஆளில்லை. காங்கிரஸ் பிரதிபா பாட்டீலை அறிவித்துவிட்டது. இடதுசாரிகளும் அந்தப் பக்கம். தமிழ்நாட்டில் அன்று ஆண்ட அணியும் அந்தப் பக்கம். 22-ஆம் தேதி அவர் விலகிக்கொண்டார். குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் கையில் ஓட்டு இல்லை; ஓட்டு வைத்திருந்தவர்கள் குறுஞ்செய்தியைப் படிக்கவில்லை.

அந்த ஜூன் மாதம் அவர் பெயரைச் சொல்லத் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் சிலர் உண்டு. பெயர் வேண்டாம், மேடைக்கு நாகரிகம் இருக்கிறது. பெட்ரோல் விலைக்கு ஊர்வலம் போனவர்கள், கிரிக்கெட்டில் தோற்றதற்கு உருவ பொம்மை எரித்தவர்கள், தம் மண்ணின் குடியரசுத் தலைவருக்கு இரண்டாம் தடவை கேட்க மட்டும் மௌன விரதம் இருந்தார்கள். இன்று அவர் பிறந்த நாளான அக்டோபர் 15 வந்தால் சுவர் முழுக்க அவர் படம். படத்துக்குக் கீழே, அவர் தலையைவிடப் பெரிதாக இவர்கள் தலை. கனவு காணச் சொன்னார் என்று போட்டிருப்பார்கள். நகராட்சித் தேர்தலில் டிக்கெட் கிடைக்கும் என்பதே இவர்கள் காணும் கனவு. விஞ்ஞானிக்கு விழா எடுக்கிறவர்கள் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து மேடை ஏறுகிறார்கள். போகட்டும், இவர்களைப் பேசினால் பந்தலைப் பிரிக்கும் நேரம் வந்துவிடும்.

எதிராளிகளைவிட அதிகம் பேச வேண்டியது உள்ளே எழுந்த எதிர்ப்பைப் பற்றி. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா வெடித்தது. அந்த ஆண்டே இடிந்தகரை மீனவர்கள் கூடங்குளம் அணுஉலையை எதிர்த்துப் பட்டினிப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நவம்பர் 6-ஆம் தேதி கலாம் அங்கே போனார். உலையைச் சுற்றிப் பார்த்தார், பாதுகாப்பானது என்றார். சுற்றுவட்டாரத்துக்கு 200 கோடி ரூபாயில் சாலை, மருத்துவமனை, வேலை என்று பத்து அம்சத் திட்டம் ஒன்றும் கொடுத்தார். போராட்டப் பந்தலுக்குப் போகவில்லை. அவர் சொன்னால் சரி என்று ஒரு பாதித் தமிழ்நாடு நிம்மதி அடைந்தது. மறு பாதி நிம்மதி அடையவில்லை, அதுவும் அவரை வெறுத்தவர்களின் பாதி அல்ல. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் பக்தர்களை ஏற்றி இறக்கிய படகுக்காரர் ஜைனுலாபுதீனின் மகன் அவர். படகை நம்பி வாழ்கிறவர்கள், நம்ம வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும் என்று எதிர்பார்த்தார்கள். அணு விஞ்ஞானத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். பந்தலுக்கு நடந்து போகாததில் இல்லை. இதைச் சொன்னதற்காகக் கலாம் விரோதி என்று பட்டம் வாங்கியவர்களின் வீட்டுச் சுவரிலும் அவர் படம் தொங்கியது.

2012 ஜூனில் மம்தா பானர்ஜியும் முலாயம் சிங்கும் மறுபடி அவர் பெயரைச் சொன்னார்கள். சில நாளில் முலாயம் பிரணாப் முகர்ஜி பக்கம் போய்விட்டார்.  இம்முறையும் கலாம் போட்டியில்லை என்று அறிவித்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். சரியாக இரண்டு ஆண்டு கழித்து ராமேஸ்வரம் பேக்கரும்பில் நினைவிடம் திறந்தபோது, வீணை வாசிக்கும் சிலைக்கு முன் பகவத் கீதை செதுக்கியிருந்தது பற்றிச் சண்டை. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். அனுமதி இல்லாமல் வைத்ததாக அதற்கும் ஓர் எதிர்ப்பு. சண்டை போட்ட எல்லாத் தரப்பும் அவருடைய ஆதரவாளர்களே.

அவருக்கு அடுத்து வந்த பிரதிபா பாட்டீல் ஜள்காவ் மாவட்டத்தில் பிறந்தவர். முதல் பெண் குடியரசுத் தலைவர், முதல் மராட்டியக் குடியரசுத் தலைவர். பா.ஜ.க. கூட்டணியிலேயே இருந்த சிவசேனா, அந்தக் கூட்டணி ஆதரித்த ஷெகாவத்தை விட்டுவிட்டு மராத்தி மண்ணின் மகளுக்கு ஓட்டுப் போட்டது. ஆறு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வாங்கினார்; எதிராளிக்கு மூன்று லட்சத்து முப்பத்தோராயிரம். ஷெகாவத் அணியில் இருந்தவர்கள் கேலி பேசினார்கள். மராத்திக்காரர்கள் மண்ணுக்காகக் கூட்டணியை மீறினார்கள். 2007-இல் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் எதற்காக எதை மீறினார்கள் என்று கேட்டால் மறுபடி பழைய புண்தான். 2009 நவம்பரில் பிரதிபா பாட்டீலும் இதே லோகேகாவில் சுகோய் ஏறினார், அவருக்கும் அன்று 74 வயது. இந்த ஊர் அவரையும் அண்ணாந்து பார்த்தது.

பதவி முடியும் நேரத்தில் விவகாரம் வந்தது, அதுவும் முளா ஆற்றைத் தாண்டினால் வரும் கட்கியில். பழைய ஆட்கள் இன்னும் கிர்க்கி என்றுதான் சொல்வார்கள்; வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் சாப்பர் படைக்கும் பெயர்பெற்ற இடம், தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வேலைக்கு வந்த இடம். அங்கே ராணுவ நிலத்தில் ஏறக்குறைய 2,60,000 சதுர அடியில் குடியரசுத் தலைவருக்கு ஓய்வுக்கால வீடு என்று திட்டம். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் எழுந்தார். பெயர் வேண்டாம், புனேயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவரும் மராத்தி மண்ணைச் சேர்ந்தவர்தான். உடன் சில முன்னாள் ராணுவத்தினர். ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கும் குடியிருப்புப் பற்றாக்குறை இருக்கும்போது ஒரு வீட்டுக்கு இவ்வளவு நிலமா என்பது அவர்கள் கேள்வி. வீடு அவருக்குச் சொந்தமாகாது, வாழ்நாள் வரை பயன்பாட்டுக்கு மட்டும் என்று டெல்லியிலிருந்து விளக்கம் வந்தது. கர்னல் விடவில்லை. குடியரசுத் தலைவர் என்றால் முப்படைகளின் தலைவர். வாழ்நாள் முழுக்கத் தாம் சல்யூட் அடித்த நாற்காலியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்! மராத்திப் பெருமையில் 2007-இல் கொண்டாடிய வீடுகளிலேயே அப்பா கர்னல் பக்கம், மகன் பாட்டீல் பக்கம் என்று வாக்குவாதம் நடந்தது.

2012 ஏப்ரல் கடைசியில் அந்த வீடே வேண்டாம் என்று பிரதிபா பாட்டீல் அறிவித்தார். பழிச்சொல் வந்ததும் விட்டுக்கொடுத்தது பெருந்தன்மை என்றனர் அவரை நேசித்தவர்கள். கேட்டிருக்கவே கூடாது என்றனர், அவர்களும் நேசித்தவர்கள்தான். பிறகு அவர் புனேயிலேயே, பாஷானில் அரசு ஒதுக்கிய வீட்டில் குடியேறினார். தொலைக்காட்சிகள் அடுத்த தேர்தலுக்குப் போய்விட்டன. கர்னலை யாரும் எந்த விழாவுக்கும் தலைமை தாங்கக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. சுவரொட்டியில் போட அவர் படம் கேட்டு யாரும் போகவில்லை. அவரோடு அன்று எழுந்து நின்றவர்கள் யாராவது இந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தால், மிச்சமிருக்கும் கைதட்டல் அந்த வரிசைக்குப் போகட்டும்.