உடன் ஆடுவோர்

சடுகுடு ஆட்டத்தில் எதிரி நம் காலைப் பற்றி இழுக்கிறார். சதுரங்கத்தில் நம் குதிரையை வெட்டி வீழ்த்துகிறார். கோல்ஃப் என்னும் பந்தாட்டத்திலோ எதிரி என்று பெயர்பெற்றவர் நமக்கு ஒன்றுமே செய்ய இயலாது. நம் பந்தை அவர் தொடவும் கூடாது. அவர் பந்தை அவர் அடிக்கிறார்; நம் பந்தை நாம் அடிக்கிறோம். குறைந்த அடிகளில் குழியில் தள்ளியவர் வென்றவர். இவ்வாறிருக்க, உடன் ஒருவர் எதற்கு, தனியே ஆடிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆழங்காற்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று எத்தனை அடி என்பதைப் பிறகுதான் சொல்வார்கள். யாருடன் ஆடினார்கள் என்பதைத்தான் முதலிற் சொல்வார்கள்.

இதற்குக் காரணம் எளிது. பதினெட்டுக் குழிகள் கொண்ட ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கிறது. ஓரளவு பழகியவர் அதில் 90 அல்லது 100 முறை பந்தை அடிப்பார். அடிக்கும் நேரத்தை மட்டும் தனியே கூட்டினால் சில நிமிடங்களுக்கு மேல் தேறாது. எஞ்சிய நேரமெல்லாம் நடை, காத்திருப்பு, தேடல், பேச்சு. ஆகவே இதனைப் பந்தாட்டம் என்பதைவிட, இடையிடையே பந்தடிக்கும் ஒரு நெடுநடை என்பது பொருந்தும். பழனிக்குப் பாதயாத்திரை சென்றவர்களுக்கு இது நன்கு விளங்கும். தூரமும் வெயிலும் எல்லாருக்கும் ஒன்றே. வழித்துணை வாய்க்கும் விதத்தைப் பொறுத்தே அந்த நடை இனிதாகிறது, அல்லது பாரமாகிறது.

கொச்சித் துறைமுகத்தின் காயலில் போல்காட்டி என்றொரு தீவு உண்டு. மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு அது கண்ணுக்கு எட்டிய தூரந்தான். ஆயினும் நெடுங்காலம் அது வேறோர் உலகமாகவே இருந்தது. 1744-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அங்கே ஒரு மாளிகை கட்டினர். பிற்காலத்தில் அது ஆங்கில ரெசிடென்டின் உறைவிடமாயிற்று. இப்பொழுது அது கேரள அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் விடுதி. அம்மாளிகையைச் சூழ்ந்த நிலத்தில் ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்று அமைந்தது. 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரையில் படகேறித்தான் அங்குச் செல்ல வேண்டும். ஆட வருவோர் ஒரே படகில் வந்து ஒரே படகில் திரும்புவர். ஆட்டத்தில் பிணக்கு நேர்ந்தால், அதையும் படகில் ஏற்றிக்கொண்டுதான் கரை சேர வேண்டும்!

உடன் ஆடுவோரில் நம்மைச் சோதிப்பவர்கள் சிலர் உளர். நாம் மட்டையை ஓங்கும் தறுவாயில் தொண்டையைக் கனைப்பவர் ஒருவர். தம் பந்து தவறிய ஒவ்வொரு முறையும் மைதானத்தையும் காற்றையும் மட்டை செய்தவனையும் நொந்துகொள்பவர் மற்றொருவர். பத்தாம் குழிக்குள் அவருடைய துயரம் நம்மையும் பற்றிக்கொள்ளும். இவர்கள் எல்லாரிலும் கொடியவர், கேளாமலே கற்பிப்பவர். முழங்கையை மடக்காதீர்கள், தலையைத் தூக்காதீர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, நமக்கு இயல்பாக வந்துகொண்டிருந்த அடியும் மறந்துபோகும்.

இந்த வகையினரை ஆட்டத்தின் சட்டமே அடக்கி வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. போட்டியில் ஆடும்பொழுது, தம் கட்சியைச் சேர்ந்தவர் அல்லாத ஆட்டக்காரருக்கு ஒருவர் எப்படி அடிக்க வேண்டும், எந்த மட்டையை எடுக்க வேண்டும் என்று யோசனை சொல்லக் கூடாது. சொன்னால், அடிகளை எண்ணி ஆடும் முறையில் சொன்னவருக்கு இரண்டு அடி அபராதம். திண்ணையில் நால்வர் சீட்டாடும்போது பின்னால் நின்று ஆறு பேர் யோசனை சொல்லும் வழக்கமுள்ள நமக்கு இச்சட்டம் விந்தையாகத் தோன்றலாம். நம் ஊர்ச் சீட்டாட்டத்திற்கும் இதைக் கொண்டுவந்தால் எத்துணை அமைதி நிலவும்!

நல்ல துணையை அறிய ஓர் இடம் உண்டு. அது நம் பந்து புதருக்குள் காணாமற்போகும் இடம். பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் அளித்திருந்தனர். 2019-ஆம் ஆண்டில் திருத்திய விதிகளின்படி மூன்றே நிமிடம். அதற்குள் கிடைக்காவிடில் பந்து தொலைந்ததாகக் கணக்கு. ஓர் அடி அபராதத்தோடு பழைய இடத்திற்குத் திரும்பி மீண்டும் அடிக்க வேண்டும். பந்து கிடைத்தால் நமக்கு இலாபம். கிடைக்காவிட்டால் அவருக்கு இலாபம். அந்த மூன்று நிமிடத்தில், தம் பந்தின் அருகே நின்று வானத்தைப் பார்ப்பவரும் உண்டு. முள்ளென்றும் சேறென்றும் பாராமல் நம்மோடு புதருக்குள் இறங்கித் தேடுபவரும் உண்டு. இரண்டாமவருடன் ஆடித் தோற்றாலும் அந்த நாள் வீணாவதில்லை.

வல்லவரும் கற்றுக்குட்டியும் ஒன்றாக ஆட இடந்தருவது இந்த ஆட்டத்தின் மற்றொரு சிறப்பு. ஹாண்டிகாப் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய கணக்கு 8 என்றும் மற்றவருடையது 20 என்றும் கொண்டால், பின்னவருக்குப் பன்னிரண்டு அடிகள் சலுகையாகக் கழிக்கப்படும். 2020-ஆம் ஆண்டிலிருந்து இக்கணக்கை உலகெங்கும் ஒரே முறையில் வகுத்திருக்கின்றனர். 54 வரை அதற்கு உச்சவரம்பு. கேரம் பலகையின் முன் சிறுவன் ஒருவனும் கைதேர்ந்த ஒருவரும் அமர்ந்தால் ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் சலிப்புத் தட்டிவிடும். இங்கே அறுபது வயதுத் தந்தையும் இருபது வயது மகளும் கடைசிக் குழிவரையில் வெற்றி யாருடையது என்று தெரியாமல் ஆடலாம். ஆனால் அந்தக் கணக்கில் சேர்ப்பதற்குரிய ஆட்டம் பொதுவாக இன்னொருவர் உடனிருக்க ஆடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. தனியே சென்று எத்துணை அருமையாக ஆடினாலும் அது கணக்கில் ஏறாது.

யாரோடும் யாரும் ஆடலாம் என்று ஆட்டம் இடந்தந்தபோதும் மனிதர் இடந்தரவில்லை. இதற்குக் கொச்சியிலேயே சான்று இருக்கிறது. இத்துறைமுகத்தை அமைத்த பொறியியலாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-ஆம் ஆண்டில் இங்கு வந்தார். கடல்வாயிலை மறித்துக் கிடந்த மணற்றிட்டை வெட்டி வழிசெய்து, 1928-இல் பெருங்கப்பலை உள்துறைக்குள் கொண்டுவந்தார். தோண்டிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவை உருவாக்கினார். அந்த வேலையில் அவருடன் தோள்கொடுத்தவர்கள் இந்தியர்கள். மாலையில் வேலை முடிந்ததும் அவர் செல்லக்கூடிய ஐரோப்பியர் மன்றத்திலோ இந்தியருக்கு இடமில்லை. பகலெல்லாம் உடன் உழைத்தவர், மாலையில் உடன் ஆடத் தகாதவர்! இந்நிலையை மாற்ற விரும்பிப் பிரிஸ்டோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் முன்னின்று, இரு சாராரும் சேர்ந்து பழகுவதற்கென்றே எர்ணாகுளத்தில் 1931-ஆம் ஆண்டில் லோட்டஸ் கிளப்பைத் தொடங்கினர். அது கோல்ஃபுக்கென ஏற்பட்ட மன்றமன்று. ஆயினும் யாருடன் ஆடுவது என்பது எத்துணைப் பெரிய கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் இல்லை.

அந்தக் கதவுகள் திறந்து பல்லாண்டுகள் ஆயின. ஆனால் நாமே சாத்திக்கொண்ட கதவுகள் சில உள்ளன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மட்டாஞ்சேரியின் சில தெருக்களுக்குள் குஜராத்தியரும் கொங்கணியரும் கச்சி மேமன்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் இங்கேயே உள்ளது. பக்கத்துக் கொச்சிக் கோட்டையில், வேளியில், வண்ணான்துறையில் இன்றும் துணி வெளுக்கும் நம்மவர்கள், டச்சுப் படைவீரர்களின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழரின் வழியினர் என்பர். மிளகுக் கடையில் நாம் எல்லாரோடும் பேசுகிறோம். விலை பேசுவதற்கு எத்தனை மொழி வேண்டுமோ அத்தனையும் நமக்கு வரும். மாலையில் கேரம் பலகையை எடுத்து வைத்தால் மட்டும் பெரும்பாலும் நான்கு பக்கமும் நம்மவரே அமர்கிறோம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களும் தங்கள் மாலைப்பொழுதுகளை எண்ணிப் பார்த்தால் இது பொய்யன்று என்பர். ஊர்க்காரரோடு ஆடுவதில் ஓர் இன்பம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அந்த இன்பம் ஒன்றே போதும் என்றிருந்தால் முப்பது ஆண்டு வாழ்ந்த ஊரிலும் நாம் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவோம்.

கோல்ஃப் ஆட வந்தவருக்கு இந்தத் தேர்வு பல வேளைகளில் அமைவதில்லை. தனியே சென்றால் முன்பின் அறியாத மூவரோடு நான்காமவராகச் சேர்த்துவிடுவார்கள். அலுவலகம் சார்ந்த ஆட்டமானால் மேலதிகாரியோடு ஆட நேரும். இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது. அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் நம் அடிக்கணக்கை நம்முடன் ஆடுபவர் எழுதுகிறார். அவருடையதை நாம் எழுதுகிறோம். புல்லுக்குள் பதிந்து கிடந்த தம் பந்தை மேலதிகாரி காலால் மெல்ல நகர்த்துவதைக் கண்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அபராதத்தைச் சேர்த்து எழுதுவதா, சேர்க்காமல் ஐந்து என்று எழுதுவதா? வேற்றூரில் பிழைக்க வந்தவனுக்கு அந்தப் பென்சில் சற்றுக் கனக்கத்தான் செய்யும். எனினும் ஐந்து என்று எழுதிவிட்டால், அதன்பின் நாம் அவருடன் ஆடுவது ஆட்டமன்று. அதுவும் ஓர் உத்தியோகமே. கண்டதை உடனே, பிறர் காதுபடாமல், பணிவாகச் சொல்லிவிடுவதே தக்கது என்பது நம் கருத்து. அதைப் பொறுக்காத அதிகாரியோடு மறுமுறை ஆடாதிருக்கக் காரணமா கிடைக்காது? முதுகுவலி என்று சொன்னால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

தம் குற்றத்தைத் தாமே சொன்னவர்களும் இந்த ஆட்டத்தில் உண்டு. 1925-ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் பாபி ஜோன்ஸ் அடிக்கத் தயாரானபோது பந்து சிறிது அசைந்துவிட்டது. அவரைத் தவிர வேறெவரும் அதைக் காணவில்லை. அவர் தமக்குத்தாமே ஓர் அடி அபராதம் விதித்துக்கொண்டார். அந்த ஓர் அடி இல்லாவிடில் அவரே வென்றிருப்பார். அதனால் சமநிலை ஏற்பட்டு, மறு ஆட்டத்தில் வில்லி மக்ஃபர்லேனிடம் தோற்றார். 1969-ஆம் ஆண்டு ரைடர் கோப்பையில் நிகழ்ந்தது இதனினும் வேறு வகை. கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில் டோனி ஜாக்லினுக்கு இரண்டு மூன்று அடி தூரத்துப் பந்து ஒன்று எஞ்சியிருந்தது. அதை அவர் தவறவிட்டால் அவருடைய நாடு தோற்கும். எதிரே ஆடிய ஜாக் நிக்லஸ், அதை அடிக்க வேண்டியதில்லை, குழியில் விழுந்ததாகவே கொள்வோம் என்று விட்டுக்கொடுத்தார். பதினாறுக்குப் பதினாறு என்று போட்டி சமமாயிற்று. நிக்லஸின் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை. ஜாக்லினும் நிக்லஸும் பின்னர் நெடுங்கால நண்பர்களாயினர்.

நால்வர் ஆடும் இடத்தில் ஐந்தாமவர் ஒருவரும் உடன் நடக்கிறார். மட்டைப் பையைச் சுமந்து வரும் அவரைக் கேடி என்பர். அச்சொல்லுக்கு நம் ஊரில் வழங்கும் பொருளை இங்கே மறந்துவிட வேண்டும். தம் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லும் உரிமையைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. எந்தப் புல் எப்பக்கம் சாயும், மழைக்குப் பிறகு பந்து எவ்வளவு ஓடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். தில்லியில் இவ்வேலை பார்த்த அலி ஷேர் 1991-ஆம் ஆண்டில் இந்தியப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன் சௌராசியா, 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதே போட்டியை வென்றார். பையைச் சுமப்பவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் நான்கு மணி நேரம் நடப்பவர்கள், அந்த மைதானத்திலேயே சிறந்த துணையை இழந்து நடக்கிறார்கள்.

நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டி இப்போது ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கோ, தாம் வாழும் ஊரிலோ புதிதாக ஆடச் செல்பவர், முதற்குழியிலேயே தம் ஹாண்டிகாப் கணக்கை உள்ளபடி சொல்லிவிடுவது நன்று. கிட்டத்துப் பந்துகளை விட்டுக்கொடுப்பதா இல்லையா, பந்தயப் பணம் உண்டா இல்லையா என்பதையும் அப்பொழுதே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இவற்றைப் பேசாமல் தொடங்கிய ஆட்டங்களே பெரும்பாலும் மனத்தாங்கலில் முடிகின்றன. பிறர் அடிக்கும்போது நம் நிழல் அவர் பந்தின் வழியில் விழாதவாறு நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்து, நிழலில் அமர்ந்து, ஒவ்வொரு குழிக்கும் எழுதிய எண்களை இருவரும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிடுவது வழக்கம். போட்டியில் நம் கையொப்பம் மட்டும் இருந்து, உடன் ஆடியவரின் கையொப்பம் இல்லாவிட்டால், அந்தக் கணக்கு அட்டை செல்லாது.