திருப்பிக் கொடுக்காத புத்தகம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின்போது கல்லூரி நூலகத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



டொக்டர்மாரைப் பேசக் கூப்பிட்டால் நுளம்பு, டெங்கு, சீனி, கொழுப்பு என்றுதான் பேச்சு வரும். நான் இன்று ஒரு டிராகன் கதையைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. இந்த நூலகத்துக்கு நான் ஒரு புத்தகம் கடன்.

1995 ஒக்ரோபரில் நான் பத்தாம் வகுப்பு. அட்டை போய், கறுப்பு நூலால் தைத்திருந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தை ஆங்கில ரீச்சர் அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். "விளங்காத சொல்லை விட்டிட்டு வாசி பிள்ளை, கதை உன்னை இழுத்துக்கொண்டு போகும்" என்றார். ரோல்கீன் எழுதிய 'தி ஹொபிற்'. மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் வாசிப்பேன்.

கதையின் நாயகன் பில்போ பாகின்ஸ், ஐம்பது வயதளவான ஒரு ஹொபிற். மனிதரில் பாதி உயரம், காலில் சப்பாத்து இல்லை. வீடு நிறையப் பலகாரம் வைத்துக்கொண்டு நேரத்துக்கு நேரம் தேத்தண்ணி குடிக்கும் மனிதர். அவரிடம் பதின்மூன்று குள்ளர்களும் கன்டால்ஃப் என்ற மந்திரவாதியும் வந்து, எங்கள் மலையையும் பொன்னையும் ஸ்மௌக் என்ற டிராகன் பறித்துவிட்டது, மீட்க வா என்று கேட்கிறார்கள். அவர் தொப்பியும் இல்லாமல், ஒரு லேஞ்சியும் இல்லாமல் ஓடிப் போகிறார். பாலர் வகுப்பில் சட்டையில் லேஞ்சி குத்தி அனுப்பப்பட்ட எங்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று விளங்கும்.

மலைக்குள் ஒரு சுரங்கப்பாதை. அதில் பில்போ தனியே இறங்குகிறார். முன்னால் சிவப்பு வெளிச்சம், வரவர வெக்கை, பெரிய பானை கொதிப்பதுபோல் ஒரு சத்தம். டிராகன் நித்திரையில் மூச்சு விடுகிறது. பில்போ அந்த இடத்தில் நின்றுவிடுகிறார். நானும் அந்தப் பக்கத்தில் நின்றேன். ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு நாங்கள் மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். புத்தகம் வீட்டில் மேசையில் இருந்தது.

அதை எழுதியவரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகுதான் தேடி வாசித்தேன். ரோல்கீன் 1892 இல் தென்னாபிரிக்காவில் புளூம்பொன்ரீனில் பிறந்தவர். நாலு வயதில் தகப்பன் போய்விட்டார். இங்கிலாந்தில் தாய் மேபல்தான் இரண்டு ஆண்பிள்ளைகளையும் வளர்த்தார். லத்தீன், மரஞ்செடிகளின் பெயர், சித்திரம், அழகாக எழுதும் முறை எல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். கத்தோலிக்கராக மாறியதால் உறவினரின் பண உதவியும் நின்றுபோனது. 1904 நவம்பரில், 34 வயதில், சலரோகத்தால் இறந்தார். மகனுக்கு 12 வயது.

1904 ஐக் கவனியுங்கள். இன்சுலின் முதன்முதல் ஒரு நோயாளிக்கு, ரொறன்ரோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு, ஏற்றப்பட்டது 1922 ஜனவரியில். பதினெட்டு வருடம் பிந்திவிட்டது. அதற்கு முன்பு சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதைத் தவிர டொக்டர்மாரிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கிளினிக்கில் "ஊசி மட்டும் வேண்டாம் டொக்டர்" என்று ஒரு அம்மா அழும்போது எனக்கு மேபலின் ஞாபகம் வரும். கடைசியில் சீனியைப் பற்றிப் பேசிவிட்டேன், மன்னியுங்கள்.

பேர்மிங்ஹாமில் கிங் எட்வேர்ட்ஸ் பாடசாலையில் ரோல்கீனுக்கு மூன்று நெருங்கிய நண்பர்கள். நூலகத்துக்குள் இரகசியமாகத் தேத்தண்ணி காய்ச்சிக் குடித்து, கவிதை வாசித்து, தங்களுக்கு ஒரு தேநீர்க் கழகப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். இந்த நூலகத்தின் பின்வரிசையில் மாங்காயும் உப்பும் தூளும் சாப்பிட்ட அக்காமார் சிரிக்கிறீர்கள். தெரிகிறது. பிறகு முதலாம் உலகப்போர் வந்தது. அதிபரின் மகன் ரொப் கில்சன், 1916 ஜூலை 1 ஆம் திகதி, சொம் போரின் முதல் நாளிலேயே இறந்தார். அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையினர் 19,000 பேருக்கு மேல் செத்தார்கள். டிசம்பரில் ஜெப்ரி ஸ்மித் காயம்பட்டு இறந்தார். ரோல்கீனும் அதே போர்முனையில்தான் இருந்தார். அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு பேன். உடுப்பு மடிப்பில் வாழும் பேனால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல், ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும், முழங்காலுக்குக் கீழே எலும்பு உளைந்து கொல்லும். ஒக்ரோபரில் அது பிடித்து, நவம்பரில் அவரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஸ்மித்தின் கவிதைகளை 1918 இல் புத்தகமாக வெளியிடுவதற்கு உயிரோடு இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஹொபிற் பிறந்த கதை ரீச்சர்மாருக்குப் பிடிக்கும். ஒக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்தும் வீட்டுச் செலவுக்காகப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தது. அதில் ஹொபிற் என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதினார். அப்படி ஒரு சொல் ஏன் வந்ததென்று அவருக்கே தெரியவில்லையாம். பிறகு தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அது. பதிப்பாளர் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்கு அபிப்பிராயம் எழுதச் சொன்னார். ஐந்து தொடக்கம் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அவன் எழுதினான். 1937 செப்ரெம்பர் 21 இல் 1,500 பிரதிகளோடு வெளிவந்தது. வயது விடயத்தில் பையன் பிழைவிட்டான்.

இன்று காலை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அன்ரி, அந்தக் கதையிலை ஒரு பொம்பிளைப்பிள்ளையும் இல்லையாமே?" உண்மை. பயணத்தில் ஒரு பெண்ணும் இல்லை. அதற்கு நான் சாக்குச் சொல்ல வரவில்லை, அது குறைதான். ஆனால் பெயரோடு வரும் பெண் ஒருத்தி இருக்கிறாள், பில்போவின் இறந்துபோன தாய், பெலடோனா ரூக். தகப்பன் வழி, வீட்டை விட்டு அசையாத ஆட்கள். வெளியே போகும் ஆசை தாய்வழிச் சொத்து. குள்ளர்கள் பாடும்போது அவருக்குள் எழும்புவது அதுதான். பெலடோனா என்பது ஒரு நச்சுச்செடியின் பெயர். அதிலிருந்துதான் அற்றோப்பின் எடுத்தார்கள். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருபவர்களுக்கு, நெஞ்சில் சளிச்சத்தம் அடங்கும்வரை, நடுச்சாமத்தில் நாங்கள் ஏற்றுகிற அதே அற்றோப்பின். ரோல்கீன் இதையெல்லாம் நினைத்துப் பெயர் வைத்தார் என்று நான் சொல்லவில்லை. செடிகளின் பெயரை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது மேபல் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மிச்சக் கதையை நான் வாசித்தது உள்ளகப் பயிற்சிக் காலத்தில், கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிரதியில். சுரங்கத்தில் நின்ற பில்போ மேலே நடந்தார். அந்த அடியை எடுத்து வைத்ததுதான் அவர் செய்ததிலேயே துணிச்சலான காரியம் என்று ரோல்கீன் சொல்கிறார். டிராகனைக் கொல்வது வேறொருவர். டிராகன் செத்தபிறகுதான் பெரிய சண்டை, பொன்னுக்காக. அந்தப் போரில் பில்போவின் தலையில் ஒரு கல் விழுந்து, முடியும்வரை மயங்கிக் கிடக்கிறார். போரைக் கண்ட ஒருவர்தான் தன் கதாநாயகனை அப்படிப் படுக்கப்போடுவார் என்று நினைக்கிறேன்.

என்னை இருத்தியது கடைசி அத்தியாயம். பில்போ ஒரு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறார். வாசலில் சனம். அவர் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி, சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க நாட்கள் செல்கின்றன. தன் தளபாடங்களில் பலவற்றைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக் கரண்டிகள் கொஞ்சம் கிடைக்கவே இல்லை. யார் எடுத்தது என்று அவருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

நாங்கள் 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு, யன்னல் இல்லை. புத்தகமும் இல்லை. சில மாதம் கழித்து அம்மாவோடு ஒரு வீட்டுக்குப் போனேன். அடுக்களைத் தட்டில் எங்கள் இடியப்ப உரல் இருந்தது. பிடியில் அம்மம்மாவின் முதலெழுத்து வெட்டியிருந்ததால் சந்தேகமில்லை. அம்மா அதைப் பார்த்தார். தந்த தேத்தண்ணியைக் குடித்தார். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். வரும் வழியில் "அவையளும் எங்கையோ இழந்துபோட்டுத்தானே வந்திருப்பினம்" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அந்தக் கோபம், கொழும்பில் விடுதி அறையில், கரண்டி கிடைக்காத பில்போவை வாசித்து நான் தனியே சிரித்த இரவில்தான் கொஞ்சம் இறங்கியது. அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துக் கதையைச் சொன்னேன். "அவருக்குக் கரண்டிதானே போனது" என்றார்.

நூலகப் பதிவேடும் அந்த இடப்பெயர்வில் போய்விட்டதாம். அதனால் என்னிடம் ஒருவரும் புத்தகத்தைக் கேட்கவில்லை, தண்டப்பணம் எவ்வளவு என்றும் தெரியாது. புதுப் பிரதி ஒன்றை நூலக ரீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். அதில் ரோல்கீன் தன் கையால் வரைந்த வரைபடங்களும் இருக்கின்றன. காலையில் கேள்வி கேட்ட பிள்ளையின் பெயரை முதலாவதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் மகள், உங்களுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.