மேகத்தில் எத்தனை அறை வீடு?



வீவக வீடு வாங்கப் போகும் ஒருவர், "எனக்கு மூன்றரை அறை போதும், ஆனால் சமையலறை மட்டும் ஐந்தறை வீட்டு அளவில் இருக்கட்டும்" என்று கேட்க முடியுமா? முடியாது. மூவறை, நான்கறை, ஐந்தறை என்று கழகம் வகுத்து வைத்திருக்கும் அளவுகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேகக் கணிமையில் ஒரு கணினி எடுப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

தரவு மையத்தில் இருக்கும் பெரிய சர்வர் ஒன்றை அடுக்குமாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் மென்பொருளின் துணையோடு கூறு போட்டுப் பல வீடுகளாக்குகிறார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு மெய்நிகர் கணினி. எந்த வீட்டுக்கு எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம், எவ்வளவு வட்டு என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் வன்பொருள் அளவுத் திட்டம். அமேசான் இதை 'இன்ஸ்டன்ஸ் டைப்' என்கிறது. ஓப்பன்ஸ்டாக் என்னும் திறந்தமூல மேகத் தளம் 'ஃபிளேவர்' என்கிறது. ஐஸ்கிரீம் கடையில் வைக்க வேண்டிய பெயர் கணினிக்கு எப்படி வந்தது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

2006 ஆகஸ்டில் அமேசான் தன் இசி2 சேவையைச் சோதனை முறையில் தொடங்கியபோது ஒரே ஓர் அளவுதான் இருந்தது. சுமார் 1.7 ஜிகாபைட் நினைவகம், 160 ஜிகாபைட் வட்டு, மணிக்கு 10 அமெரிக்கக் காசு. அவ்வளவுதான். 2010 ஏப்ரலில் அந்நிறுவனம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் முதல் மையத்தை நம் சிங்கப்பூரில் திறந்தது. இன்று அதன் அளவுப் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீள்கிறது. தேர்ந்தெடுப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

ஓப்பன்ஸ்டாக் 2010 ஜூலையில் நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. சொந்தமாக மேகம் நடத்த விரும்பும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. தொடக்கத்தில் இதனுடன் ஐந்து அளவுகள் வந்தன. எம்1.டைனி என்றால் ஒரு செயலி, 512 மெகாபைட் நினைவகம். எம்1.ஸ்மால் என்றால் 2 ஜிகாபைட். அப்படியே ஏறி, எம்1.எக்ஸ்லார்ஜ் என்றால் எட்டுச் செயலி, 16 ஜிகாபைட். 2016ல் வந்த பதிப்பில் இந்த ஐந்தையும் எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு வேண்டிய அளவை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பை நிர்வாகி கையில் கொடுத்துவிட்டார்கள். தலைவலி தொடங்குவது இங்கேதான்.

ஓர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். பல குத்தகை நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டுத் தரும் சிறிய அலுவலகம். கணினிகளைக் கவனிக்க ஒரே ஓர் இளம்பெண். செலவைக் குறைக்கச் சொல்கிறார் முதலாளி. அந்தப் பெண் அளவீடுகளைப் பார்க்கிறார். சம்பளக் கணினி 16 ஜிகாபைட் அளவில் இருக்கிறது, ஆனால் சராசரியாக 3 ஜிகாபைட்டைக்கூடத் தொடுவதில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவானேன் என்று 4 ஜிகாபைட் அளவுக்குக் குறைத்துவிடுகிறார். மூன்று வாரம் எல்லாம் நன்றாக ஓடுகிறது. முதலாளியும் பாராட்டுகிறார்.

மாதக் கடைசி வருகிறது. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் மிகைநேரக் கணக்கு ஒரே இரவில் ஓடுகிறது. நினைவகம் நிரம்புகிறது. லினக்ஸ் இயங்குதளம் அப்படி மூச்சுத் திணறும்போது, பொதுவாக அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் நிரலைத் தானே நிறுத்திவிடும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தரவுத்தளம்தான். காலையில் கணக்கு பாதியில் நிற்கிறது. தங்கும் விடுதியில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி, ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நின்று, கணக்கில் காசு ஏறவில்லை என்று திரும்பிப் போகிறார். மெகாபைட், ஜிகாபைட் என்றெல்லாம் அவருக்கு எதற்கு? ஆனால் அந்த எண்ணின் சுமை அவர் தலையில்தான் விழுகிறது.

அந்தப் பெண் செய்த தவறு குறைத்தது அல்ல. சராசரியைப் பார்த்துக் குறைத்ததுதான். வீட்டில் நாள்தோறும் நான்கு பேர்தான், ஆனால் தீபாவளிக்கு இருபது பேர் வருவார்கள் என்றால் இருபது பேருக்கு இடம் எங்கே என்று யோசிக்க வேண்டும். குறைந்தது ஒரு முழு மாதக் கணக்கையாவது, அதிலும் உச்சத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டிறுதிப் போனஸ் கணக்கு இருந்தால் அதையும்.

சரி, திரும்பப் பெரிதாக்கலாமே? செய்யலாம். ஆனால் பெரிதாக்குவது சுவரை இடித்துக் கட்டுவது போன்றதல்ல, வீடு மாறுவது போன்றது. கணினி நிறுத்தப்படும், பெரும்பாலும் வேறொரு சர்வருக்கு மாற்றப்படும், பிறகு திரும்ப எழும். எழுந்ததும் நிர்வாகி சோதித்துப் பார்த்து, 'உறுதி செய்' அல்லது 'பழைய நிலைக்குத் திருப்பு' என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை பழைய வீடு, புதிய வீடு இரண்டிலும் இடம் பிடித்து வைக்கப்படும். உறுதி செய்ய மறந்து வாரக்கணக்கில் விடுபவர்கள் உண்டு. இன்னொன்று, வட்டின் அளவைச் சுருக்க ஓப்பன்ஸ்டாக் விடாது. பெரிய வட்டோடு தொடங்கினால் பெரிய வட்டுதான்.

நிர்வாகிகள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வகுத்துவிட்ட ஃபிளேவரின் செயலி, நினைவக எண்களைப் பின்னர் திருத்த முடியாது. ஆனால் ஓப்பன்ஸ்டாக்கின் இணையத் திரையில் ஒரு காலத்தில் 'திருத்து' என்ற பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பின்னால் நடந்தது என்ன தெரியுமா? பழையதை அழித்துவிட்டு, அதே பெயரில் புதிய அடையாள எண்ணோடு இன்னொன்றை உருவாக்கியது. ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் எதிரே அளவு 'கிடைக்கவில்லை' என்று காட்டும். பார்த்தவர் பதறுவார். குழப்பம் தாங்காமல் அந்தப் பொத்தான் பின்னர் கைவிடப்பட்டது. அளவை மாற்ற விரும்பினால் புதிய பெயரில் புதியதை வகுத்துவிட்டுப் பழையதை நீக்குவதே நேர்மையான வழி. நீக்கினாலும் அதில் ஏற்கனவே ஓடும் கணினிகள் நிற்பதில்லை, அவற்றின் விவரம் அவற்றோடே சேமிக்கப்பட்டிருக்கும்.

எண்களின் விகிதமும் முக்கியம். 64 செயலிக் கருக்களும் 256 ஜிகாபைட் நினைவகமும் உள்ள சர்வர் ஒன்று. அதில் இரண்டு செயலி, 32 ஜிகாபைட் என்ற அளவில் எட்டுக் கணினிகளை வைத்தால் நினைவகம் முழுதும் தீர்ந்துவிடும். செயலியில் 16 தான் போயிருக்கும். மீதி 48 கருக்களும் சும்மா கிடக்கும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கியது இப்படித்தான் வீணாகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் உண்டு. இருப்பதைவிட அதிகமாக விற்பது. ஓப்பன்ஸ்டாக் நீண்ட காலம் ஒரு செயலிக் கருவை 16 பங்குவரை கொடுக்கலாம் என்றே வைத்திருந்தது. மின்தூக்கி போலத்தான், எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் காலை ஏழு மணிக்கு எல்லாரும்தானே இறங்குகிறார்கள்! தாமதமே கூடாத வேலைகளுக்குத் தனிச் செயலி ஒதுக்கும் ஃபிளேவரை வகுத்து, அதைக் குறிப்பிட்ட பிரிவுக்கு மட்டும் திறந்து விடலாம். அளவுப் பெயரையும் நம்பிவிடக் கூடாது. நான்கறை வீட்டில் படுக்கையறை மூன்றுதான் என்பது நமக்குத் தெரியும். அதுபோல அமேசானின் இன்டெல் வகைகள் பலவற்றில், இரண்டு மெய்நிகர் செயலி சேர்ந்தால்தான் உண்மையான ஒரு கரு.

இதெல்லாம் கணினிக்காரர்கள் பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020ல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. 2019ல் புதிய மையங்களுக்குப் போடப்பட்ட இடைக்காலத் தடை 2022ல்தான் நிபந்தனைகளோடு தளர்ந்தது. இத்தனைக்கும் நடுவில், யாரோ சோதனைக்காகத் திறந்து மறந்துபோன பெரிய கணினிகள் மேகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அணைத்துவிட்டேனே என்பார்கள். ஓப்பன்ஸ்டாக்கில் அணைத்த கணினிக்கும் இடம் ஒதுக்கப்பட்டே இருக்கும், பூட்டிய வீட்டைப் போல. அந்த இடத்தை விடுவிக்க 'ஷெல்வ்' என்று ஒரு கட்டளை தனியாக இருக்கிறது. கணினியைப் பரணில் ஏற்றி வைப்பது என்று சொல்லலாம். தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம்.

அந்தச் சம்பள அலுவலகத்தில் அன்று மத்தியானமே 8 ஜிகாபைட் அளவில் புதிய ஃபிளேவர் ஒன்று வகுக்கப்பட்டது. இரவில் மீண்டும் ஓட்டினார்கள். உச்சம் 6 ஜிகாபைட்டைத் தொட்டது. 16 தேவையே இல்லை என்று அந்தப் பெண் முதலில் சொன்னது சரிதான். சம்பளம் ஒரு நாள் தாமதமாக ஏறியது.