எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தது யார்?



தருமபுரிப் பக்கத்துச் சேரி எங்களுடையது. என் அம்மா, ஊர்த்தெருக்காரர் மோட்டார் கொட்டகையில் குடத்தோடு காத்துக் கிடந்தவர். குழாயைத் தொடக்கூடாது, அவர்களாக ஊற்றினால்தான் உண்டு. அந்த அவமானம் போதுமென்று பதினைந்து வீடும் வசூல் போட்டு, சொந்தமாகப் போர் போட்டோம். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் அள்ளிய தண்ணீர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டதாக நினைத்தேன்.

சில வருடங்களில், பால்பல் விழுந்து முளைத்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. "பல் விளக்காத பசங்க" என்று பள்ளியில் கேலி. விளக்கி விளக்கி ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். ஃப்ளூரைடு என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 என்கிறது இந்தியத் தரநிலை. நிறமில்லை, வாடையில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

இன்னொன்று. மூன்று சென்ட் மனையில் கக்கூஸ் குழிக்கும் போருக்கும் நடுவே எத்தனை அடி விட முடியும்? நிலம் மறுக்கப்பட்டவர்களின் தண்ணீரில் நைட்ரேட்டும் கிருமியும் சேர்வது தற்செயலா?

கேட்டால், "அது தனியார் போர், நீங்களே போட்டதுதானே" என்கிறார்கள். போட வைத்தது யார்? ஊர்த் தொட்டியைச் சோதிக்கிறார்கள், ஏட்டிலாவது. எங்களுடையது ஏட்டிலும் இல்லை.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் தனியார் போர் தண்ணீரையும் சோதிப்பார்கள். நாங்கள் கொடுத்தோம், ஃப்ளூரைடு ஒன்றரையைத் தாண்டியிருந்தது. அந்தத் தாளை அடுத்த கிராமசபையில் வாசிக்கப் போகிறோம். கூட நிற்க யார் யார் வருகிறீர்கள்?