போஸ்பாரா ஒழுங்கை ஆசிரியை



வெளிநாடுகளிலிருந்து நம் பாடசாலைகளில் படிப்பிக்க வரும் தொண்டர் ஆசிரியர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். அமெரிக்க சமாதானப் படையினர் 1962 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்தனர். இடையிடையே போயும் மீண்டும் வந்தும் 1998 வரை இங்கே பணியாற்றினர். இத்தகையோரைப் பற்றி நம்மிடம் ஒரு வாடிக்கையான பாராட்டு உண்டு. "வெள்ளைக்காரப் பிள்ளை சீலை கட்டி வந்தது, இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிட்டது" என்போம். அத்தோடு அவர் நம்மவராகிவிட்டார் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவோம். இது மலிவான தீர்ப்பு என்பது என் எண்ணம். அதை விளக்க, சீலைக்கு மாறாமல் நீண்ட வெள்ளை அங்கியோடும் உருத்திராக்க மாலையோடும் வாழ்ந்த ஓர் ஆசிரியையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

சகோதரி நிவேதிதையைத்தான் சொல்கிறேன். பாரதியார் 1908 இல் தமது ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை அவருக்குக் காணிக்கையாக்கியதால், தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. ஆனால் அவர் குடியிருந்த ஒழுங்கையை நம்மிற் பலர் அறியோம்.

மார்கரெட் நோபிள் என்பது இயற்பெயர். அயர்லாந்தில் 1867 இல் பிறந்தவர். இலண்டனுக்கு அருகே விம்பிள்டனில் சொந்தமாகப் பாடசாலை நடத்தியவர். 1898 ஜனவரியில் கல்கத்தாவில் வந்திறங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் நகரின் வடபகுதியான பாக்பஜாரில், போஸ்பாரா ஒழுங்கையில், பெண்பிள்ளைகளுக்கென ஒரு சிறு பாடசாலை தொடங்கினார். அன்னை சாரதா தேவியார் அதைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு மார்ச்சில், தம்மைக் காணவந்த மேல்நாட்டுப் பெண்களோடு சேர்ந்து உணவருந்தியவர் அந்த அன்னை. ஆசாரம் மிகுந்த ஒரு பிராமண விதவை அப்படிச் செய்வது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

அன்னை ஏற்றுக்கொண்டாலும் தெரு ஏற்றுக்கொள்ள வேண்டுமே! நிவேதிதைக்கு வேலைக்காரி கிடைப்பதே பெரும்பாடாயிற்று. கடைசியில் ஒரு முதியவள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அவள் சமைக்கும் அறைக்குள் வீட்டுக்காரி வரக்கூடாது, அடுப்பையும் தண்ணீரையும் நெருங்கக்கூடாது. தாம் வாடகை கொடுக்கும் வீட்டில் தமக்கே அடுக்களை விலக்கு! நிவேதிதை இதற்கு இணங்கினார். பின்னர், 1904 இல் வெளிவந்த தம் நூலில் இதைக் கசப்பின்றி, ஒருவித வேடிக்கையோடு எழுதியும் வைத்தார். (அந்த நூலில் அவர் இந்தியக் குடும்ப வாழ்வை அளவுக்கு மீறிப் புகழ்கிறார் என்பது என் அபிப்பிராயம். அடுக்களைக்குள் அடைபட்டிருந்தவளின் பெருமூச்சு அதில் போதிய அளவு கேட்கவில்லை.)

1899 இல் கல்கத்தாவில் கொள்ளைநோய் பரவியது. துப்புரவுப் பணிக்கு ஆள் போதாதபோது நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்துத் தெருவைக் கூட்டினார். பார்த்துக்கொண்டு நின்ற இளைஞர்கள் வெட்கப்பட்டு அதை வாங்கிக்கொண்டனர் என்பர். நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குடிசையில் அவர் இருந்ததை ஒரு வைத்தியரும் பதிவு செய்திருக்கிறார்.

அந்த ஆண்டு ஜூனில், பாடசாலைக்குப் பணம் திரட்ட அவர் மேல்நாடு புறப்பட்டார். விவேகானந்தரும் அதே கப்பலில் பயணமானார். கப்பல் கொழும்பில் தங்கியபோது சுவாமிகள், பௌத்த பெண்பிள்ளைகளுக்காக இங்கே இரு மேல்நாட்டு மாதர் நடத்திய பாடசாலைகளைப் பார்வையிட்டார். ஒருவர் ஹிகின்ஸ் அம்மையார். மற்றவர் கனவாரோ சீமாட்டி. சீமாட்டி காவித் துணியை வங்கச் சேலை போல உடுத்தியிருந்ததைச் சுவாமிகள் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சீலை கட்டிய வெள்ளைக்கார ஆசிரியையை அன்றே கொழும்பு கண்டிருக்கிறது!

நிவேதிதை திரும்பி வந்து பாடசாலையை மீண்டும் நடத்தியபோதுதான் நான் முக்கியமாகக் கருதுவது நடந்தது. அவர் பிள்ளைகளை நூதனசாலைக்கும் மிருகக்காட்சிச்சாலைக்கும் அழைத்துச் சென்றார். இதிலென்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். அவை திரைக்குள் வாழ்ந்த வீடுகள். பத்து வயதில் கல்யாணமாகிப் பாடசாலையை விட்டே பிள்ளைகள் மறைந்துபோன காலம்.

நான் ஜிந்துப்பிட்டியில் குடியிருப்பவன். சில காலத்துக்கு முன் அயற்பிள்ளைகள் சிலரைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிச்செல்ல வீடுவீடாகப் போய்க் கேட்டேன். பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். ஒரு தாய், "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க சேர்? பிள்ளை பக்கத்தில யார் இருப்பாங்க? வழியில ஏதும் நடந்தா?" என்று கேட்டார். போர்க்காலச் சோதனைச் சாவடிகளை மறக்காத தெரு இது. அவர் கேட்டதில் தவறில்லை. நாள்தோறும் கோயிலடியில் என் முகத்தைக் காண்பவர் அவர். இருவர் பேசுவதும் ஒரே தமிழ். அப்படியும் மூன்று கேள்விகள். அரைகுறை வங்காளத்தில் பேசிய ஓர் அந்நியப் பெண்ணின் வண்டியில் போஸ்பாராத் தாய்மார் தம் மகளை ஏற்றிவிட்டார்கள் என்றால், அடுக்களை வாசலில் ஒதுங்கி நின்ற நாட்களையும், துடைப்பம் பிடித்த நாளையும் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

வகுப்பறையில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு, அவருடைய பாடசாலையை அறிந்த ஒரு பெண்மணி எழுதிய நினைவு உண்டு. ஒருநாள் கோடொன்றைக் காட்டி, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார் நிவேதிதை. பிள்ளைகள் "லைன்" என்றனர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மொழியில், உங்கள் மொழியில் என்று வற்புறுத்தினார். கடைசியில் ஒரு சிறுமி "ரேகா" என்றாள். நம் கைரேகையில் உள்ள அதே சொல். நிவேதிதை ஏதோ புதையல் கண்டவரைப்போல "ரேகா, ரேகா" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாராம். தமிழாசிரியனாகிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, சற்றுச் சுருக்கென்றும் இருந்தது. என் வகுப்பிலும் கோடு ‘லைன்’ ஆகி வெகுகாலம்.

1911 ஒக்டோபரில் டார்ஜிலிங்கில் நிவேதிதை காலமானபோது அவருக்கு நாற்பத்துநான்கு வயதுகூட நிறையவில்லை. பாக்பஜாரில் அவர் பெயரிலான பாடசாலை இன்றும் நடக்கிறது. 1903 இல், சகோதரி கிறிஸ்டீன் என்ற இன்னொரு மேல்நாட்டு ஆசிரியையின் துணையோடு, அங்கே வளர்ந்த பெண்களுக்கும் வகுப்புத் தொடங்கினார்கள். மணமான பெண்களும் இளம் விதவைகளும் வீட்டு வாசலைத் தாண்டி, மூடிய வண்டியில் ஏறி, எழுதவும் தைக்கவும் கற்க வந்தார்கள்.